விழியை விதியாக்கிய ரேம்

செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கப் போகிறவர்கள் பிராசஸர் எந்தத் தலைமுறை என்று கேட்பார்கள். ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா என்று கேட்பார்கள். கேபினெட்டில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமைப் பற்றி அவர்களுக்கு ஒரே கேள்விதான்: எத்தனை ஜிபி? அந்த ஜிபி அத்தனையும் நாணயமாக வேலை செய்கிறதா என்று கேட்ட ஒருவரையும் சென்னையின் கணினிக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் நான் பார்த்ததில்லை. கடைக்காரர்களும் அதைச் சோதித்துக் காட்டுவதில்லை. பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் வந்ததா, வியாபாரம் முடிந்தது.

திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே சிறு பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. தட்டச்சும் பெரும்பாலும் நானே. பழைய கணினி உயிரை விட்டபோது புதிது வாங்கும் நிலையில் நான் இல்லை. அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துக்கட்டும் கணினிகளைத் துடைத்து விற்கும் கடை ஒன்றில் நான்காம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். டிடிஆர்3 வகையில் நான்கு ஜிபி ரேம் இரண்டு, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. பில்லின் அடியில் ‘டெஸ்டிங் வாரண்டி ஒரு மாதம்’ என்று பேனாவால் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் மதிய நேரங்களில், பெரிய கோப்புகள் திறந்திருக்கும்போது, விண்டோஸ் முடங்கி நிற்கும்போது காட்டும் நீலத்திரை வரத் தொடங்கியது. ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றது. இன்னொரு நாள் ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. பிறகு ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “மேடம், அது விண்டோஸ் கோளாறு. ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்” என்றார். எல்லா நோய்க்கும் அந்தத் தெருவில் ஒரே கஷாயம்.

எங்கள் தெருமுனையில் கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து ஃபார்மட் செய்தார். விண்டோஸ் நிறுவும்போதே பாதியில் ஒருமுறை ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று நின்றது. அதே பென் டிரைவை வைத்து மறுபடி நிறுவினால் சிக்கலில்லாமல் முடிந்தது. “பென் டிரைவ் மக்கர் செய்கிறது அக்கா” என்றார் தம்பி. எனக்கு அப்போதே உறுத்தியது. பென் டிரைவ் கெட்டிருந்தால் இரண்டாம் முறையும் அதே இடத்தில்தானே நின்றிருக்க வேண்டும்?

இதே நாட்களில் இன்னொரு தலைவலியும் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டார் தெய்வங்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை அப்போது வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மெய்ப்புப் பார்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். ‘அம்மனின் விதி உக்கிரமாக வரையப்பட்டிருக்கிறது’ என்ற வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ‘விழி!’ என்று எழுதி அனுப்பினார். வேறொரு பக்கத்தில் ‘சுதைச் சிற்பக் கலை’ என்பது ‘சுதைச் சிற்பக் அலை’ ஆகியிருந்தது. ஓரிரு இடங்களில் சொல்லின் நடுவே வெறும் கட்டம். “என்னம்மா, கவனம் எங்கே போகிறது?” என்று கேட்டார். கட்டங்களுக்கு எழுத்துருவைக் குறை சொல்லலாம். விழிக்கும் கலைக்கும் என்ன சொல்வது?

நான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறவள். அதில் ழகரம் கீழ்வரிசையின் வலது கோடியில், சுண்டுவிரலுக்கு. தகரம் நடுவரிசையில் மோதிரவிரலுக்கு. அதேபோல், க வலக்கையிலும் அ இடக்கையின் கடைசி விரலிலும் இருக்கின்றன. தூக்கக் கலக்கத்தில்கூட என் கை ஒன்றுக்கு மற்றொன்றை அடிக்காது. அச்சுப்பிழைக்கும் ஒரு குணம் உண்டு: பக்கத்து விசை, விட்டுப்போன புள்ளி, இரட்டித்த எழுத்து. இவை அந்த ஜாதியே இல்லை. ஆனால் ஐயாவிடம் அதைச் சொன்னால் சாக்குப்போக்கு என்பார். வாயை மூடிக்கொண்டு திருத்தினேன்.

கணினிக்கு வருகிறேன். நூலாசிரியர் அனுப்பிய படங்கள் ஒரே ஜிப் கோப்பாக மூன்று ஜிபிக்கு மேல் இருந்தன. பிரித்தால் நடுவில் ஒரு படத்துக்கு தரவு சிதைந்திருக்கிறது என்று சொல்லும் ‘சிஆர்சி பிழை’ வந்தது. மறுபடி பிரித்தேன், அந்தப் படம் நன்றாக வந்தது, வேறொரு படத்தில் பிழை. மூன்றாம் முறை ஒரு பிழையும் இல்லை. இங்கேதான் சந்தேகம் திசை பிடித்தது. கோப்பு கெட்டிருந்தாலும் எஸ்எஸ்டி கெட்டிருந்தாலும் அடி பொதுவாக ஒரே இடத்தில் விழும். கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளில் கோளாறு என்றால் நீலத்திரையும் பெரும்பாலும் ஒரே பெயரைத்தான் சொல்லும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு பெயரில் பிழை வருகிறதென்றால், எல்லாத் தரவும் கடந்துபோகும் பொதுவழியில்தான் பள்ளம் இருக்க வேண்டும். அந்தப் பொதுவழி ரேம்.

கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் சரியில்லாவிட்டாலும் இதே கூத்து நடக்கும் என்பதால் அதை முதலில் பார்த்தோம். விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தால் போதும், அப்படித்தான் இருந்தது. மதர்போர்டில் கெபாசிட்டர் எதுவும் தலை உப்பியிருக்கவில்லை.

விண்டோஸிலேயே ஒரு ரேம் சோதனை உண்டு. தேடும் பெட்டியில் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தட்டினால் வரும். கணினியை மறுபடி துவக்கிச் சோதித்துவிட்டு முடிவைச் சொல்லும். எனக்கு ‘பிழை எதுவும் இல்லை’ என்று சொன்னது. பலர் இந்த இடத்தில் நிம்மதியாகி, பழியை வேறு எதன்மீதோ போட்டுவிடுகிறார்கள். அந்தச் சோதனையின் சாதாரண முறை மேலோட்டமானது. அது ‘பிழை உண்டு’ என்றால் நம்பலாம். ‘இல்லை’ என்றால் நம்பத் தேவையில்லை.

உருப்படியான வழி, விண்டோஸே இல்லாமல் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடும் மெம்டெஸ்ட். இந்தப் பெயரில் இரண்டு உண்டு, குழம்ப வேண்டாம். ‘மெம்டெஸ்ட்86’ என்பது 1994இல் கிறிஸ் பிரேடி எழுதியது, இப்போது பாஸ்மார்க் நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும். ‘மெம்டெஸ்ட்86+’ அதிலிருந்து 2004இல் பிரிந்த கட்டற்ற மென்பொருள். நெடுங்காலம் தூங்கிக் கிடந்துவிட்டு 2022இல் ஆறாம் பதிப்பாக எழுந்துவந்தது. நான் பயன்படுத்தியது இந்த இரண்டாவது. நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பது எனக்குப் பிடித்தது.

மே மாதம். மின்விசிறி வெந்நீர்க் காற்றை வீசிக்கொண்டிருந்த இரவில் அதை ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. தம்பியாக இருந்தால் அத்தோடு கழற்றியிருப்பார். நான் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் திரையின் கீழ்ப்பாதி முழுக்கப் பிழை வரிகள்.

வெப்பத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரேமில் 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தேங்கும் மின்னூட்டம்தான்; ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஓட்டைப் பானைத் தண்ணீரைப்போல அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு பிட்டையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்ப வேண்டும். சூடு ஏறினால் கசிவு கூடும். 85 டிகிரிக்கு மேல் போனால் இரண்டு மடங்கு வேகத்தில் நிரப்ப வேண்டும் என்பதே தரநிர்ணயம். நலிந்த பிட் காலையில் தாக்குப்பிடிக்கும், மதியத்தில் கவிழ்ந்துவிடும். என் நீலத்திரைகள் ஏன் மதியத்திலேயே வந்தன என்பது அப்போது புரிந்தது.

அந்தப் பிழை வரிகளை உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு வரியிலும் முகவரி, எதிர்பார்த்த மதிப்பு, கிடைத்த மதிப்பு என்று மூன்று இருக்கும். முகவரிகள் ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தன. எதிர்பார்த்த மதிப்பில் பதினாறு ‘எஃப்’ வரிசையாக நின்றன. அதாவது 64 பிட்டுகளும் 1. கிடைத்ததிலும் எல்லாம் ‘எஃப்’தான், பதினைந்தாவது மட்டும் ‘இ’. ‘எஃப்’ என்பது 1111, ‘இ’ என்பது 1110. எல்லா வரியிலும் அதே பதினைந்தாவது இடம், அதே ‘இ’. வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது பிட். 1 எழுதினால் 0 ஆகத் திரும்பி வருகிறது. அந்த இடத்து பிட்டின் மதிப்பு 16.

பதினாறு என்றதும் பொறி தட்டியது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையை எடுத்தேன். ழகரத்தின் எண் 2996. தகரத்தின் எண் 2980. கழித்தால் 16. இரும எண்ணில் எழுதினால் ழ 101110110100, த 101110100100. வலமிருந்து ஐந்தாவது இடத்தில் மட்டும் ஒரு 1 காணாமல் போயிருக்கிறது. க 2965, அ 2949. அங்கும் 16. கட்டங்களையும் போட்டுப் பார்த்தேன். ர, ற, ல, வ நான்கும் அந்த 16ஐ இழந்தால் போய் விழும் எண்களில் யூனிகோடு எந்தத் தமிழ் எழுத்தையும் வைக்கவில்லை. எழுத்துருவில் உருவம் கிடையாது, திரையில் கட்டம்தான் வரும். திருத்திய மெய்ப்புத்தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கட்டம் விழுந்த சொற்களில் ஒன்று ‘படையல்’, இன்னொன்று ‘குலவை’. முதலாவதில் லகரம் காணோம். இரண்டாவதில் வகரமோ லகரமோ என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை; லகரம் அப்படியே இருந்தது, ‘வை’யில் வகரம் போய்க் கொம்பு மட்டும் கட்டத்தோடு நின்றது.

எந்தத் தாளின் எந்த எழுத்து ரேமின் எந்த முகவரியில் போய் உட்கார்ந்தது என்று இப்போது யாராலும் காட்ட முடியாது. நீதிமன்றத்தில் இது நிற்காது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டு ரேம்களில் எது குற்றவாளி என்பதை அந்த முகவரியை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஜோடியாக ஓடும்போது தரவு இரண்டிலும் மாறி மாறிப் பரவிக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிய பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, பிறகு ரேமில் கை வைக்க வேண்டும். தம்பி வந்ததும் சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூட ரப்பரை எடுத்து ரேமின் பொன்முலாம் விளிம்பைத் தேய்க்கத் தொடங்கினார். ஊர் முழுக்க இதுதான் வைத்தியம். பாதிப் பேருக்குப் பலிக்கவும் செய்கிறது. தூசியும் கடற்காற்றின் ஈரமும் படிந்த விளிம்பு அதில் துலங்கிவிடும். ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது, ரப்பர்த் துகளும் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பது மேல். சொன்னேன். “இத்தனை வருடமாக இப்படித்தான் அக்கா” என்றார். தேய்த்து மாட்டிய பிறகும் பிழை வந்தது.

ஆக, ஒரு ரேமை மதர்போர்டில் ரேம் செருகும் முதல் ஸ்லாட்டில் தனியாக வைத்து இரவு முழுக்க ஓட்டுவது, அதையே இரண்டாம் ஸ்லாட்டில் வைத்து ஓட்டுவது, பிறகு மற்றதற்கும் அதே. பொறுமையைச் சோதிக்கும் வேலை. பகலில் அதே கணினியில்தான் பிழைப்பும் ஓட வேண்டும். ஆனால் இதைச் செய்யாமல் ரேமை மாற்றினால், காசு போய்ப் பிழை மட்டும் மிஞ்சலாம். பிழை ரேமோடு கூடவே ஸ்லாட் மாறினால் ரேம் கெட்டிருக்கிறது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் மதர்போர்டு, அல்லது பிராசஸர். இன்டெல் கணினிகளில் 2008க்குப் பிறகு ரேமை ஆளும் பகுதி பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. சாக்கெட்டில் மயிரிழைக் கம்பி ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு பக்க ஸ்லாட் முழுக்கப் படுத்துவிடும். பழைய கணினிகளில் யாராவது பிராசஸரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள் என்பதால் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

என் விஷயத்தில் பிழை ஒரே ரேமைத்தான் விடாமல் துரத்தியது, இரண்டு ஸ்லாட்டிலும். மற்றது எங்கே வைத்தாலும் சுத்தம். கெட்டதைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஸ்டிக்கரில் வேகம் 1600 என்று இருந்தது. சிபியு-இசட் மென்பொருளில், ரேம் தன்னைப் பற்றித் தனக்குள் வைத்திருக்கும் விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பக்கம் 1333 என்றது. நகத்தால் ஓரத்தைக் கீறினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். யார் கைவரிசை என்பது எனக்குத் தெரியாது. கடைக்காரரும் யாரிடமிருந்தோ வாங்கியதுதான்.

கெட்ட பகுதியை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று தம்பி ஒரு யோசனை சொன்னார். லினக்ஸைத் துவக்கும் கிரப் அமைப்பிலேயே அதற்கு வசதி உண்டு, விண்டோஸிலும் செய்யலாம். விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினியில் செய்து பார்க்கலாம். அடுத்தவர் எழுத்தைப் பொறுப்பேற்றுக்கொண்ட கணினியில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்றேன்.

மெம்டெஸ்ட் திரையைப் படமெடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்குப் போனேன். “மேடம், இதெல்லாம் போட்டுப் பார்த்தால் எந்த ரேமும் தாங்காது” என்றார். அப்படியென்றால் இன்னொன்று ஏன் தாங்கியது என்று கேட்டேன். பில்லில் எழுதியிருந்த வரியைக் காட்டினேன். அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் மாட்டினால் திரையே வரவில்லை, நீளமாகக் கூவிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: ஒரு பக்கத்தில் எட்டு கறுப்புச் சில்லுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. நடுவில் வேறு அளவில் கூடுதலாக இன்னொன்று. சர்வர் ரேம். அளவும் வெட்டும் ஒன்றே என்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் வீட்டுக் கணினி அதோடு பேசாது. சர்வர்கள் கழியும்போது இவை மலிவாகக் குவிகின்றன.

அந்த ஒன்பதாவது சில்லின்மீது எனக்குப் பொறாமைதான். ஒவ்வொரு 64 பிட்டுக்கும் எட்டு பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் கவிழ்ந்தால் அங்கேயே கண்டுபிடித்துத் திருத்திவிடும். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை பதிவானதாகச் சொல்லியிருந்தார்கள். சர்வர்களில் அது குறிப்பேட்டில் ஒரு வரியாகப் போய்விடும். என் கணினியில் அம்மனின் விழி விதியாகிவிடும்.

மறுபடி அலைந்து, இம்முறை கடையிலேயே பென் டிரைவைச் செருகி ஒரு சுற்றாவது ஓட்டிய பிறகுதான் எடுத்துக்கொள்வேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கடைப்பையன் டீ வாங்கி வந்தான். கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை. பரவாயில்லை. வீட்டில் இரவு முழுக்க ஓட்டியும் பிழை இல்லை. நீலத்திரை அத்தோடு நின்றது.

ரேமை மாற்றியதோடு வேலை முடியவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. கெட்ட ரேம் இருந்த காலத்தில் சேமித்த கோப்புகளில் ஏற்கெனவே கவிழ்ந்த பிட்டுகள் அப்படியேதான் இருக்கும். விண்டோஸை மறுபடி சுத்தமாக நிறுவினேன். படங்களை மூல ஜிப்பிலிருந்து மறுபடி பிரித்தேன். கட்டுரைகளில் பாதி, நூலாசிரியர் தன் கணினியில் தட்டச்சு செய்து அனுப்பியவை. மின்னஞ்சலில் மூலம் இருந்தது. அதையும் என் பக்கங்களிலிருந்து எடுத்த உரையையும் ஒப்பிட்டுக் காட்டும் மென்பொருளில் போட்டேன். நான் தட்டச்சு செய்த பாதிக்குக் கையெழுத்துப்படியை வைத்துக்கொண்டு கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒப்பிட்டதில் ஐயா ஏற்கெனவே பிடித்தவை போக ஓர் இடம் மட்டும் மிஞ்சியது. காவல் தெய்வம் ஒன்றுக்கு ‘கண் படைப்பது வழக்கம்’ என்று என் பக்கத்தில் இருந்தது. மூலத்தில் ‘கள் படைப்பது வழக்கம்’. ளகரத்தின் எண் 2995, ணகரம் 2979. ஐயாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “நேர்ந்துகொண்டு வெள்ளியில் கண்மலர் சாத்துவார்கள் இல்லையா, அதுதான் என்று விட்டுவிட்டேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தச் சாமிக்குக் கள்தான். எனக்கே தெரிந்திருக்க வேண்டும்” என்றார். அச்சகத்துக்கு அனுப்பியிருந்த பிடிஎஃபை நிறுத்தச் சொல்லி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பினேன்.